வளர்மதி ஃபெயில் போட்ட வண்டி

உட்காருங்க சார். அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. மேடம் சாப்பிடப் போயிருக்கா, வீடு பின்னாலதான், சித்த நேரத்துல வந்துருவா. அது வரைக்கும் புகை டெஸ்ட் எடுக்க முடியாதுங்க. மிஷினும் இங்கதான் இருக்குது, நானும் இங்கதான் இருக்கறேன், ஆனா பாஸ்வேர்டு எங்கிட்ட இல்லைங்க. கேட்டுப் பாத்தாச்சு. தர மாட்டேங்கறா. நான் அவ வீட்டுக்காரன்.

பேரு கனகராஜ். எனக்குத் தனியா லேத் பட்டறை இருக்குதுங்க, இந்த ரோட்டுலயே இன்னும் கொஞ்சம் உள்ள போனா வரும். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடையறது. மத்தியானம் ஒரு மணி நேரம் மட்டும் இங்க வந்து உட்காருவேன், யாராச்சும் வந்தா உட்கார வெச்சுப் பேசிட்டு இருக்கறதுக்கு. பாஸ்வேர்டு ஏன் தர மாட்டேங்கறான்னு நீங்க கேக்கல. இருந்தாலும் சொல்லிடறேன். வர்றவங்க என்னையத்தான் தப்பா நெனச்சுட்டுப் போறாங்க.

போன வருஷம் ஆடி மாசம் நான் ஒரு கார் வாங்கினேன். ரேஸ் வண்டி மாதிரி இருக்கும், ரெண்டே கதவு, ஜப்பான்காரன் வண்டி, மஞ்சக் கலரு. பீளமேட்டுல ஒரு பல் டாக்டர் வெச்சிருந்தாரு, குடும்பத்தோட கனடா போறாருன்னு வித்துட்டாரு. பதினஞ்சு வருஷம் ஓடின வண்டி. சீட்டுல உட்கார்ந்தா ரோடு மூக்குக்கிட்ட வந்துரும்.

அம்பத்திரண்டு வயசுல எதுக்குடா உனக்கு இதுன்னு கேப்பீங்க. எல்லாரும் கேட்டாங்க. நம்மூர்ல ரேஸ் வண்டிக்கு வேலை பாக்காத பட்டறை கம்மி சார். இருவத்திரண்டு வயசுலேர்ந்து நானும் பாத்திருக்கறேன். பிஸ்டன் கடஞ்சு குடுத்திருக்கறேன், வால்வு தேச்சுக் குடுத்திருக்கறேன். ஜெயிச்சு வந்து கப்பை கையில வெச்சுட்டு போட்டோ எடுப்பாங்க. என்னையக் கூப்பிட்டு நிக்க வெப்பாங்க, மரியாதையானவங்கதான். ஆனா ஒருத்தரும், கனகு, நீ ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருன்னு சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. அப்படியே முப்பது வருஷம் போயிருச்சு.

வண்டி வாங்கின முதல் ஞாயித்துக்கிழமை பாலக்காடு ரோட்டுல எடுத்துட்டுப் போனேன். வாளையார் பக்கம் போறப்ப ஒரு டீசல் வண்டி என்னைய ஓவர்டேக் பண்ணிட்டுப் போச்சு. மேல மெத்தை கட்டியிருந்தாங்க. உள்ள எட்டுப் பேரு. பின் சீட்டுல ஒரு பாட்டியம்மா திரும்பி என்னையப் பாத்துட்டே போனாங்க. நான் கால அழுத்தித்தான் பிடிச்சிருந்தேன். வண்டி போகல.

அந்த டீசல் வண்டில டர்போ இருக்குதுங்க. வெளிய போற புகையோட வேகத்துல ஒரு விசிறி சுத்தும், அது வெளிக்காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். நிறையக் காத்து போனா டீசலோ பெட்ரோலோ நிறைய எரியும். அவ்வளவுதான் சங்கதி. என்ற வண்டிக்கு அது இல்ல. இல்லாட்டி வெச்சுட்டாப் போவுது, நாம என்ன வக்கீலா, லேத் காரன்தான.

உக்கடத்துல பழைய சாமான் கடைல ஒரு டர்போ கெடச்சுது. நல்ல டர்போ. இன்ஜின்லேர்ந்து அதுக்குப் புகையக் கொண்டு போற குழாய் நானே செஞ்சேன், துருப்பிடிக்காத ஸ்டீலு, நானே வெட்டி நானே வெல்டு வெச்சேன். ஒரு சங்கடம் என்னன்னா, இடம் பத்தல. சைலன்சருக்கு முன்னால ஒரு டப்பா இருக்கும் சார், கன்வெர்ட்டர்ம்பாங்க, புகைல இருக்கற வெஷத்தையெல்லாம் அதுதான் தின்னுட்டு விடும். அதக் கழட்டி அக்கட்ட வெச்சுட்டேன். பெட்ரோல் அளவக் கூட்டறதுக்கு ஒருத்தர் லேப்டாப்போட வந்து கூட்டிக் குடுத்தாரு. பொறவு பாருங்க, வண்டி வண்டியா இல்ல. மூணாவது கியர்ல மூவாயிரம் சுத்து தாண்டினா பின்னாலேர்ந்து நாலு பேரு தள்ளற மாதிரி தள்ளும். அவ மட்டும் துணி காயப் போட வந்தவ சொன்னா, "ஏனுங்க, கண்ணு எரியுதுங்க"ன்னு. "வெங்காயம் உரிச்சிருப்ப"ன்னேன்.

புரட்டாசில புகை சர்டிபிகேட் முடிஞ்சுது. எனக்கென்ன கவலை. ஊர்ல எல்லாரும் புகை டெஸ்ட்டுக்கு அலையறான், நமக்கு வீட்டுலயே ஆபீசு. செவ்வாக்கிழமை காலைல வண்டியக் கொண்டாந்து இதோ, உங்க வண்டி நிக்கற இடத்துலதான் நிறுத்தினேன். அவ வந்து சைலன்சர்ல குழாயச் சொருகினா. மிஷினு பாத்துச்சு. வெஷப் புகை நூத்துக்குப் பாயிண்ட் மூணுக்குக் கீழ இருக்கணும், நாலு பாயிண்ட் ஒண்ணு காட்டுச்சு. இன்னொரு தடவ எடுன்னேன். எடுத்தா. நாலு பாயிண்ட் மூணு.

"என்ன வளரு பண்றது?"ன்னு கேட்டேன்.

"ஃபெயிலுங்க"ன்னா.

"அது தெரியுது. என்ன பண்றதுன்னு கேட்டேன்."

"ஃபெயில் போடறதுங்க"ன்னுட்டு போட்டுட்டா சார். என் கண்ணு முன்னாலயே நம்பர் பிளேட்டப் போட்டோ எடுத்து, ஃபெயில்னு போட்டு, காகிதத்தக் கிழிச்சு எங்கையில குடுத்தா. இருவத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கறோம். பின்னால நின்ன மில் வேன் டிரைவர் வேற பாத்துட்டு இருந்தான். அவனுது பாஸு.

நீங்களே சொல்லுங்க. சட்டம்னு ஒண்ணு இருக்குதுதான், நான் இல்லைங்கல. ஆனா கட்டினவன்னு ஒண்ணு இருக்குதல்ல.

மெயின் ரோட்டுல இன்னொருத்தர் புகை டெஸ்ட் வெச்சிருந்தாரு. இப்ப இல்ல. அவருகிட்ட வண்டியே போக வேண்டியதில்ல, போட்டோ அனுப்பினாப் போதும். வியாழக்கிழமை அனுப்பினேன். பத்து நிமிஷத்துல சர்டிபிகேட் வந்துருச்சு, பாயிண்ட் ஒண்ணுன்னு. புது வண்டிக்குத்தான் அந்த நம்பர் வரும். கொண்டாந்து அவளுக்குக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டியதில்ல. ஆனா ஒரு ஆம்பளைக்கும் மனசு இருக்குதல்லங்க.

வாங்கிப் பாத்தா. மடிச்சுத் திருப்பிக் குடுத்தா. ஒண்ணும் பேசல. பதிமூணு நாள் பேசல சார். சோறு போட்டா, கொழம்பு ஊத்தினா, மாத்திரைய எடுத்து தண்ணியோட பக்கத்துல வெச்சா, எல்லாம் பண்ணினா, வாயத் தொறக்கல. நானும் விடல. நானும் பேசல. மொதல்ல பேச வேண்டியது யாருன்னு எனக்குத் தெரியும்.

அதுல பன்னெண்டாம் நாள் ஆபீசருங்க மூணு பேரு ஜீப்புல வந்து இறங்கினாங்க. ஒரே வண்டி செவ்வாக்கிழமை இங்க நாலு, வியாழக்கிழமை அங்க பாயிண்ட் ஒண்ணு. எப்படின்னு கம்ப்யூட்டர் கேட்டிருக்குது. ஒண்ணு அவங்க மிஷினு தப்பு, இல்லாட்டி உங்க மிஷினு தப்பு, பாக்கற வரைக்கும் ரெண்டும் மூடியிருக்கட்டும்னாங்க. மிஷினுக்கு அரக்கு வெச்சாங்க. எனக்கு இது முன்னாலயே தெரியுமான்னா தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா அங்க போட்டோவே அனுப்பியிருக்க மாட்டேன்.

அதுல பெரியவரு கேட்டாரு, "இது யாரு வண்டிம்மா?"

"எங்க வீட்டுக்காரரு வண்டிங்க சார்."

"உங்க வீட்டுக்காரரு வண்டிக்கா ஃபெயில் போட்டீங்க?"

"ஃபெயிலுதானுங்க சார் அது."

நான் இதோ இந்தத் தூண் ஓரமா நின்னுட்டு இருந்தேன். அவரு திரும்பி என்னையப் பாத்தாரு. மூணு பேரும் பாத்தாங்க. மரியாதையாத்தான் பாத்தாங்க. அது எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு.

ஒம்பது நாள் மூடியிருந்துச்சு. தெனமும் காலைல அவ எப்பவும் போல எந்திரிச்சு, சேலையக் கட்டி, வந்து பூட்டின கதவுக்கு முன்னால கோலம் போட்டுட்டுத் திரும்பி வருவா. வண்டிக்காரங்க வந்து நின்னா, "இன்னும் ரெண்டு நாள் ஆகுங்க"ன்னு சொல்லி அனுப்புவா. ஏன்னு யாருக்கும் சொல்லல. எம் பேரச் சொல்லவே இல்ல. அதப் பாத்துட்டு நான் பட்டறைக்குப் போயி ஷாஃப்ட்ட அளவு மாத்திக் கடஞ்சு வீணாக்கினேன், ரெண்டு. என் வாழ்க்கைல அப்படி ஆனதில்ல. மூணாவது நாளு நானே பேசிட்டேன். "வளரு, வண்டிய சரி பண்ணிடறேன்"னேன். "சரிங்க"ன்னா. மொதல்ல பேசினது நான்தான்னு சொல்ல முடியாது, ஏன்னா அதுக்கு முந்தின நாளு அவ என்னையப் பாத்துத் தும்மினா.

அவ மிஷினு சரியா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துத் தொறந்து விட்டாங்க. அன்னிலேர்ந்துதான் எனக்குப் பாஸ்வேர்டு கிடையாது. அந்த மெயின் ரோட்டுக்காரர மூடிட்டாங்க. அவரு எங்கிட்டப் பேசறதில்ல.

பொறவு நான் புது கன்வெர்ட்டர் வாங்கி, குழாயத் திருப்பி வளைச்சு இடம் பண்ணி வெச்சேன். கொண்டாந்து சொருகினோம். ரெண்டு பாயிண்ட் ஆறு. லேப்டாப்புக்காரரக் கூப்பிட்டுப் பெட்ரோலக் கொறச்சோம். கொறச்சா ரெண்டு நாள்ல மறுபடி அதே. அவரு சென்சார மாத்துங்கன்னாரு, மாத்தினேன். ரெண்டு பாயிண்ட் ஆறு. மூணு வாரம் இதே பொழப்பு. மத்தியானம் கூட்டம் இல்லாதப்ப வண்டியக் கொண்டாந்து நிறுத்துவேன், அவ நம்பரப் படிப்பா, நான் திருகுவேன்.

ஒரு நாள் அவ சொன்னா, "இன்ஜினு பெட்ரோல் கேக்கலீங்க. அதுக்குத் தப்பா சேதி போகுது. எங்கியோ வெளிக்காத்து புகையோட கலக்குது. சென்சாரு அந்தக் காத்தப் பாத்துட்டு, ஓஹோ பெட்ரோல் பத்தலன்னு நெனச்சு இன்னும் ஊத்தச் சொல்லுது. உங்க வெல்டுல பாருங்க."

என்ற வெல்டுல. முப்பது வருஷமா ரேஸ் வண்டிக்கு வெல்டு வெக்கறவன் நான். அவ பி.காம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலைல இன்ஜின் ஆறிக் கெடக்கறப்பவே ஸ்டார்ட் பண்ணச் சொன்னா. உள்ள போயி ஊதுபத்தியப் பத்த வெச்சுட்டு வந்தா. சரி, வண்டிக்குச் சாமி கும்பிடப் போறா, கோவம் தீந்துருச்சுன்னு நான் செருப்பக் கழட்டிட்டுக் கையக் கட்டிட்டு நின்னேன். அவ பானெட்டத் தூக்கி, ஊதுபத்திய அந்தக் குழாய் ஓரமாவே கொண்டு போனா. ஒரு ஜாயிண்ட்டு, ரெண்டு ஜாயிண்ட்டு. புகை நேரா மேல போச்சு. நாலாவது ஜாயிண்ட்டுக்கிட்ட வந்தப்ப புகை வளைஞ்சு உள்ள போச்சு, வெளிய வந்துச்சு, உள்ள போச்சு. சின்னக் கொழந்த மூச்சு விடற மாதிரி.

ரெண்டு பேரும் அதையே பாத்துட்டு நின்னோம்.

"செருப்பப் போட்டுக்கங்க"ன்னா.

அது வெல்டு தப்பில்ல சார். அன்னிக்குப் பட்டறைல கரண்டு ஏறி எறங்கிட்டு இருந்துச்சு. எப்படியோ, அந்த எடத்துல மறுபடி வெல்டு வெச்சேன். பாயிண்ட் ரெண்டு. அவ பாஸ்னு போட்டு, காகிதத்தக் கிழிச்சு, அன்னிக்கு ஃபெயில் குடுத்த அதே மாதிரியே குடுத்தா. ஒரு சிரிப்பு கிடையாது. அந்தப் பெரிய ஆபீசரோட ஜீப்பு அன்னிக்கு டெஸ்ட்டுக்கு வந்தா என்ற வண்டிகிட்ட நிக்க முடியாது.

இதோட விட்டாளா. ஆர்.சி. புக்குல டர்போ ஏத்தணும்னா. "இன்ஜின்ல இல்லாத ஒண்ணு வெச்சிருக்கீங்க, சொல்லாம ஓட்டலாமுங்களா?"ன்னா. ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட வந்தா வேற. பிரேக் இன்ஸ்பெக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தாரு, நல்லவரு, பானெட்டுக்குள்ள தலைய விட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. வேலை அழகா இருக்குதுன்னாரு. பொறவு நிமிந்து சொன்னாரு, "ரோட்டுல ஓடணும்னா கம்பெனி எப்படிக் குடுத்துச்சோ அப்படித்தான் இருக்கணும் சார். நீங்களா வெச்ச டர்போவ நான் ஏத்த முடியாது. கழட்டிட்டு ரோட்டுல ஓட்டுங்க. இல்ல, டர்போதான் வேணும்னா ரேஸ் டிராக்குல மட்டும் ஓட்டுங்க, அதுக்கு நான் தேவையில்ல."

புகை பாஸுங்கன்னேன். "புகை பாஸுதான் சார்"ன்னாரு. இது வேற.

வெளிய வந்து வேப்பமரத்தடில நின்னோம். நான் சொன்னேன், வித்துடறேன், போதும்னு. நெஜமாத்தான் சொன்னேன். அஞ்சு மாசம். அவ வண்டியத் திரும்பிப் பாத்தா. "உங்களுக்கு ரோடு வேணுங்களா, டர்போ வேணுங்களா?"ன்னு கேட்டா.

"டர்போ"ன்னுட்டேன். யோசிக்கவே இல்ல.

"அப்பப் போயி டிராக்குல ஓட்டுங்க"ன்னா.

தை மாசம் செட்டிபாளையம் பக்கம் டிராக்குல ஒரு நாள் பொதுவா விட்டாங்க, யாரு வேணும்னாலும் அவங்கவங்க வண்டியக் கொண்டாந்து ஓட்டலாம். வண்டிய லாரில ஏத்திக் கொண்டு போனோம். அதே டிராக்கு சார், நான் ஸ்பேனரோட நின்ன டிராக்கு. காலைல குளுகுளுன்னு இருந்துச்சு. பேரு குடுத்தேன். மொதல்ல டாக்டரப் பாருங்கன்னாங்க. டாக்டர் கையில பட்டயச் சுத்தி அமுக்கினாரு. பிரஷர் நூத்தி எழுவத்தெட்டுன்னாரு. அரை மணி கழிச்சு இன்னொரு தடவ எடுத்தாரு. நூத்தி எண்பத்தொண்ணு.

"முடியாதுங்க"ன்னுட்டாரு. நம்பரப் பாத்து ஃபெயில் போடறது எனக்கு வீட்டுலயே பழகின விஷயந்தான்.

திரும்பி வந்து வண்டிக்குப் பக்கத்துல நின்னேன். ஹெல்மெட்டு கையில இருந்துச்சு. லாரிக்காரன் ஏத்திடட்டுமாண்ணான்னு கேட்டான். சரின்னு தலைய ஆட்டினேன். அப்ப அவ எங்கையிலேர்ந்து ஹெல்மெட்ட வாங்கினா. வாங்கிட்டு நேரா டாக்டர்கிட்டப் போனா. அவளுக்கு நூத்திப் பதினெட்டு.

அவளுக்கு ஓட்டத் தெரியும்னு தெரியும். தெனம் முப்பது வண்டி இங்க முன்னப் பின்ன எடுத்து நிறுத்தறவதான. ஆனா அது வேற. சேலைல ஏத்த மாட்டாங்கன்னு அங்க வேலை பாக்கற பொண்ணுகிட்டப் பேண்ட்டு சட்டை கேட்டுப் போட்டுட்டு வந்தா. உட்கார்ந்தா. பெல்ட்ட நான்தான் இழுத்துப் போட்டு விட்டேன். "மூவாயிரம் வரைக்கும் ஒண்ணும் இருக்காது, பொறவு தள்ளும், பயந்துராத"ன்னேன். "சரிங்க"ன்னா.

ஆறு ரவுண்டு. மொதல் ரவுண்டு மெதுவா, ஒவ்வொரு வளைவையும் பாத்துப் பாத்து. ரெண்டாவதும் அப்படித்தான். மூணாவது ரவுண்டுல நீட்டு ரோட்டுக்கு வந்தப்ப அந்தச் சத்தம் கேட்டுச்சு, டர்போ எந்திரிக்கற சத்தம், விசில் மாதிரி. நான் கண்ண மூடிட்டேன். அதுக்கப்பறம் சத்தத்தத்தான் கேட்டேன், வண்டியப் பாக்கல.

வந்து இறங்கினா. மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்குது, முடியெல்லாம் ஒட்டிக் கெடக்குது. தண்ணி குடுத்தேன், வாங்கிக் குடிச்சா. தரையிலயே உட்கார்ந்துட்டா.

"இதுக்குத்தான் இவ்வளவு வருஷம் ஆசப்பட்டுட்டு இருந்தீங்களா?"ன்னு கேட்டா.

"ஆமா"ன்னேன்.

"எங்கிட்டச் சொன்னதே இல்லீங்களே."

சொல்லியிருப்பேன் சார். இருவத்தாறு வருஷத்துல ஒரு தடவயாச்சும் சொல்லாம இருந்திருப்பனா. அவ கவனிச்சிருக்க மாட்டா.

மறுநாள்லேர்ந்து என்ற வீட்டுல ஊறுகா இல்ல. அப்பளம் இல்ல. கருவாடு இல்ல. அஞ்சரைக்கு எழுப்பி விட்டு, குளத்தச் சுத்தி நடக்க வெச்சா, அவளும் கூட நடந்தா. மூணு மாசம். டாக்டர் மாத்திரைய மாத்திக் குடுத்தாரு. இதெல்லாம் ஒரு மனுசன்மேல பண்ற கொடுமதான, ஆனாலும் நடந்தேன்.

சித்திரைல மறுபடி விட்டாங்க. டிராக்கு டாக்டரு பட்டயச் சுத்தினாரு. நூத்தி முப்பத்தாறு. டாக்டரு அவளப் பாத்துத் தலையாட்டினாரு, என்னையப் பாத்து இல்ல.

காலைல அவ ஓட்டினா. பத்தரைக்கு மேல நான் ஓட்டினேன். மூணு ரவுண்டு. எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க, சொல்லத் தெரியல. ஹெல்மெட்டுக்குள்ள வேர்த்துருச்சு, கண்ணுக்குள்ள எல்லாம் எறங்கிருச்சு, கடைசி வளைவு சரியாத் தெரியல. இறங்கி வந்து கொஞ்ச நேரம் ஹெல்மெட்டக் கழட்டாமயே நின்னேன். அவ பக்கத்துல வந்து நின்னுக்கிட்டா. கழட்டுங்கன்னும் சொல்லல.

பொறவு போயி நேரம் எழுதி ஒட்டியிருந்த காகிதத்தப் பாத்தோம். அவளுக்கு மேல எனக்கு ரவுண்டுக்குப் பதினோரு செகண்டு கூட. வெயில் ஏறிருச்சுங்க, இன்ஜின் சூடாயிருச்சு, சூடானா டர்போ இழுக்காது, இது யாருக்கும் தெரிஞ்ச விஷயம். காலைல ஓட்டறவங்களுக்கு அந்த வசதி இருக்குது. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் இதத்தான் சொன்னேன். இப்பவும் அப்பப்ப சொல்றேன். அவ மறுத்து ஒரு வார்த்த சொன்னதில்ல. "ஆமாங்க, சூடுதானுங்க"ன்னுட்டு அக்கட்டத் திரும்பிச் சிரிச்சுக்குவா.

அவ பொய் சொல்ற ஆளு இல்ல சார். இவ்வளவு நேரம் சொன்னனே. கட்டின புருஷனுக்கே ஃபெயில் போட்டவ. அதனால அது சூடாத்தான் இருக்கும்.